வலிக்காத வருடங்கள்

(உலக நீரிழிவு நாளையொட்டிக் கம்பத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நவம்பர் 14 வந்தால் சர்க்கரை நோய் வராமல் தடுப்பது எப்படி என்று பேசுவது வழக்கம். அதற்கு வேறு மேடைகள் இருக்கின்றன. இன்று நான் பேச வந்தது, ஏற்கெனவே வந்துவிட்டவர்களிடம். பத்து வருடம், பதினைந்து வருடம், சிலர் இருபத்தைந்து வருடம் மாத்திரையோடும் ஊசியோடும் குடித்தனம் நடத்துகிறவர்கள் இந்த அவையில் நிறைய இருக்கிறீர்கள். இனி இருக்கிற வருடங்களைக் கண்ணோடும் காலோடும் எப்படிக் கழிப்பது என்பதுதான் என் பேச்சு.

இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்கே ஒரு காரணம் உண்டு. இன்சுலினைக் கண்டறிந்த குழுவின் முதல்வரான பிரடெரிக் பான்டிங் பிறந்த நாள் இது. 1921-இல் கனடாவில் அந்தக் கண்டுபிடிப்பு நடந்தது. 1922 ஜனவரியில் முதல் சிறுவனுக்கு ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால், சிறு வயதில் இந்த நோய் வந்த பிள்ளைகள் ஒன்றிரண்டு வருடங்களில் இறந்துபோனார்கள். இன்சுலின் அவர்களுக்கு ஆயுளைக் கொடுத்தது. ஆயுள் நீண்ட பிறகுதான் அவர்களிடம் மருத்துவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். இருபது வருடம் உயிரோடு இருந்தவர்களுக்குக் கண் மங்கியது, சிறுநீரகம் பழுதானது, கால் புண் ஆறாமல் போனது. ஆக, இன்று நாம் பயப்படுகிற பின்விளைவுகள் எல்லாம் நீண்ட நாள் வாழ்வதோடு வந்த பிரச்சினைகள். பிழைக்க வைப்பது ஓரளவு கைவந்துவிட்டது. சேதாரமில்லாமல் பிழைக்க வைப்பதுதான் இப்போதைய வேலை.

எத்தனை பேருக்கு இந்த வேலை இருக்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14.4 பேர். ஏழு பேர் உட்கார்ந்திருக்கிற வரிசையில் ஒருவர். இது சென்னைக்காரர்களின் நோய், உழைக்கிற நமக்கு வராது என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது.

சரி, சர்க்கரை உடம்பில் என்னதான் செய்கிறது? ரத்தத்தில் தேவைக்கு மேல் ஓடுகிற சர்க்கரை, ரத்தக் குழாயின் உட்சுவரை மெதுவாகக் கெடுக்கிறது. தலைமயிரை விட மெல்லிய குழாய்கள்தான் முதலில் கெடும். அந்தச் சேதம் அதிகம் நடப்பது மூன்று இடங்களில்: கண்ணின் விழித்திரை, சிறுநீரகத்தின் வடிகட்டி, கால் வரை நீண்டு ஓடுகிற நரம்புகள். பெரிய குழாய்களும் கெடும். அப்போது மாரடைப்பு, பக்கவாதம், காலுக்கு ரத்தம் போகாத நிலை. பீடியும் சிகரெட்டும் இருந்தால் இந்தப் பெரிய குழாய்ச் சேதம் இன்னும் வேகமாக நடக்கும்.

இதில் நீங்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த மூன்று இடங்களிலும் சேதம் தொடங்கிப் பல வருடம் வரை வலி கிடையாது. கண் கூசாது, இடுப்பு வலிக்காது. கால் வலிக்க வேண்டிய நேரத்திலும் வலிக்காது. "எனக்கு ஒண்ணும் செய்யலையே டாக்டரய்யா, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை. ஆபத்து அதில்தான் இருக்கிறது. வேலைக்குப் போகிற மனிதருக்கு மருத்துவமனைக்குப் போகச் சொல்லும் மணி, வலி. இந்த நோயில் அந்த மணி அடிப்பதில்லை.

இது நம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. பெரியாறு அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று காலையில் பேப்பரைப் பிரித்ததும் பார்க்கிறவர்கள் நாம். 1979-இல் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்ததும், 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி கொடுத்ததும் இங்கே டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. ஆனால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுவது 66 அடியில். இரண்டாவது 68.5 அடியில், மூன்றாவது 69 அடியில். அணை நிரம்புவதற்கு ஐந்து அடி இருக்கும்போதே சங்கு ஊதுகிறார்கள். தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு ஊதுவதில்லை. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் காலுக்கும் இதே மாதிரி முதல் எச்சரிக்கை மட்டம் உண்டு. அளவுகோலை நட்டு, போய்ப் பார்க்கிற வேலை மட்டும் நம்முடையது.

முதலில் கண். இதைப் பற்றிப் பேச நம் தேனி மாவட்டத்துக்குத் தனித் தகுதி இருக்கிறது. மதுரையில் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தேனியிலும் ஒரு மருத்துவமனையை நடத்துகிறது. கண் மருத்துவர் இல்லாத ஊர்களில் இருப்பவர்களைத் தேனிக்கு வரவழைக்காமல், மருத்துவரின் பார்வையை அந்த ஊர்களுக்கு அனுப்ப முடியுமா என்று அவர்கள் யோசித்தார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்ற கணினிப் பேராசிரியரின் குழு, சாதாரண வைஃபை கருவியைக் கிலோமீட்டர் கணக்கில் எட்டும்படி மாற்றியமைத்துக் கொடுத்தது. கோபுரத்தில் ஆன்டெனா வைத்து, 2006-இல் ஐந்து கிராமப்புறக் கண் மையங்கள் தேனி மருத்துவமனையோடு இணைந்திருந்தன. மையத்தில் இருக்கும் பயிற்சி பெற்ற பெண் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசுவார். செல்போனில் முகம் பார்த்துப் பேசுவது அந்தக் காலத்தில் நம் ஊரில் கிடையாது. உலகம் அதைப் பாடமாகப் படித்தது. நம் ஊரில் நடந்தது என்று நமக்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

பத்து வருடம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரையால் வந்த பழுதைக் கணினியே கண்டுபிடிக்கும் என்று கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கணினிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த படங்களில் அரவிந்த் மருத்துவமனைக்கு வந்தவர்களின் விழித்திரைகளும் உண்டு. அமெரிக்காக்காரர்களின் படங்களோடு நம் சனங்களின் கண்ணும் சேர்ந்துதான் அந்த இயந்திரம் படித்தது.

இவ்வளவு இருந்தும் கண் போகிறது என்றால் ஏன்? கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வாசித்துவிட்டு "கண்ணு தெளிவா இருக்கு" என்று திரும்பிவிடுகிறோம். எழுத்தை வாசிப்பது வேறு, மருந்து விட்டுப் பாவையை விரித்து உள்ளே விழித்திரையைப் பார்ப்பது வேறு. ரத்தக் குழாய் பொத்தல் விட்டு, கசிந்து, புதுக் குழாய்கள் தாறுமாறாக முளைத்த பிறகும் நடுப்பார்வை தெளிவாகவே இருக்கலாம். ஒருநாள் காலையில் ரத்தம் கசிந்து கறுப்புத் திரை விழும். லேசர் சிகிச்சையால் அந்தப் புதுக் குழாய்களை அடக்கினால், கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று அமெரிக்காவில் 1976-இலேயே நிரூபித்துவிட்டார்கள். ஆனால் லேசர் இருப்பதைக் காப்பாற்றும். போனதைத் திருப்பிக் கொடுக்காது. பெரியவர்களுக்கு வருகிற வகைச் சர்க்கரை, கண்டுபிடிக்கும் நாளுக்குப் பல வருடம் முன்பே உடம்பில் இருந்திருக்கும். அதனால் சர்க்கரை என்று தெரிந்த அன்றே விழித்திரையைப் பார்க்க வேண்டும்; பிறகு வருடம் ஒரு முறை.

அடுத்தது கால். இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இந்தப் பள்ளத்தாக்கு காலால் பிழைக்கிற ஊர்.

பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவரின் பெயரைச் சிலர் கேட்டிருப்பீர்கள். 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். 1946-இல் வேலூருக்கு மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாகவே அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை உலகம் நம்பியது. அவர் நோயாளிகளோடு இருந்து கவனித்தார். சூடான பாத்திரத்தைத் தொட்டு வெந்துபோவது, ஆணி குத்தியபடியே நாள் முழுவதும் நடப்பது, தூங்கும்போது எலி கடித்தும் எழாமல் இருப்பது. சதை கெட்டுப்போனதற்குக் காரணம், வலி தெரியாமல் போன நரம்பு என்று அவர் கண்டார். வலி தண்டனை இல்லை, காவல் என்று வாழ்நாள் முழுவதும் சொன்னார். 1966-இல் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்துத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் அதே புண்களைப் பார்த்தார். வேலூரில் கற்ற பாடத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். இன்று அரசு மருத்துவமனையில் சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு, தொழுநோயாளிகளின் பாதத்துக்காகத் தமிழ்நாட்டில் புழங்கிய அதே மெத்தென்ற ரப்பர்தான்.

இப்போது நம் கால்களைப் பாருங்கள். இருபோக நெல் விளைகிற வயலில் முழங்கால் சேற்றில் நாற்று நடுகிற கால். விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி, கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போய், அட்டைக்குப் பயந்து ஈர பூட்சுக்குள் நாள் முழுவதும் அடைந்து கிடக்கிற கால். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுத்துக் கொதிக்கிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்கிற கால். தை மாதம் பழனிக்கும், கார்த்திகையில் மாலை போட்டுச் சபரிமலைக்கும் செருப்பில்லாமல் போகிற கால். இந்தக் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டால் என்ன ஆகும்? தார்ச்சாலைச் சூட்டில் கொப்புளம் வந்தது தெரியாது. முள் குத்தியது தெரியாது. மறுநாள் காலுறையில் ஈரம் பார்த்துத்தான் தெரியும். அதற்கு மேல் மஞ்சள், காப்பித்தூள், கால் ஆணி என்று பிளேடு. மூன்று வாரம் கழித்து விரல் கறுத்து மருத்துவமனைக்கு வருவார்கள். காலை எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது ஒரு சின்னப் புண்ணில் தொடங்கியதுதான்.

வேண்டுதலை விடச் சொல்ல நான் யார்? சட்டி எடுங்கள், மலைக்குப் போங்கள். ஆனால் காப்புக் கட்டுவதற்கு முன், மாலை போடுவதற்கு முன், பாதத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பத்து கிராம் அழுத்தம் கொடுக்கிற மெல்லிய நைலான் இழை ஒன்று இருக்கிறது. அதை உள்ளங்காலில் வைத்தால் தெரிகிறதா என்று கேட்பார்கள். அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைப்பார்கள். பத்து நிமிட வேலை. ஊசியும் இல்லை, ரத்தமும் இல்லை. உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் வெறுங்கால் நடை உங்களுக்கில்லை. அம்மனிடம் வேறு வேண்டுதலாக மாற்றிக்கொள்ளுங்கள். நம் அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரில் சர்க்கரைக்காரர்களின் பாதத்தைப் பார்க்கும் திட்டமே வைத்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். நீங்கள் காட்டாவிட்டால் அவசரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வயலிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர வையுங்கள். வெடிப்புக்கு எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். பூட்சுக்குள் கால் விடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியை நீங்களே அறுக்காதீர்கள்.

மூன்றாவது சிறுநீரகம். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் செய்ய வேண்டியது சுருக்கமானது. ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து "கிட்னி நல்லா இருக்கு" என்று திருப்திப்படுகிறோம். கிரியேட்டினின் ஏறும்போது சிறுநீரகத்தின் வேலை பாதி அளவுக்குக் குறைந்திருக்கும். அதற்கு வெகு முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகும். சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் 30-க்குக் கீழே இருந்தால் சரி. தாண்டினால் அதுதான் முதல் எச்சரிக்கை. இந்தக் கட்டத்தில் பிடித்தால் டெல்மிசார்டன் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரைகளும், பின்னர் வந்த டாப்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளும் சேதத்தை வெகுவாகத் தள்ளிப்போடும். "பிபி நார்மலாயிருச்சு" என்று அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று: நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து வந்து, உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் கலர் கலராக மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இங்கே அதிகம். டைக்ளோபினாக், இபுபுரூபன் வகை வலி மாத்திரைகள் கெட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை இன்னும் வேகமாகக் கெடுக்கும். டயாலிசிஸ் முதலமைச்சர் காப்பீட்டில் கிடைக்கிறது என்பது பெரிய ஆறுதல். ஆனால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். கம்பத்திலிருந்து தேனி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் கானாவிலக்கு அதற்கும் அப்பால். போய்வரும் நாளில் கூலி கிடையாது, கூட வருகிறவருக்கும் கிடையாது.

இவ்வளவு நேரம் சர்க்கரை கூடுவதைப் பேசினேன். குறைவதும் ஆபத்து. தோட்டத்து ஜீப் காத்திருக்கிறது என்று கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, தூக்குச்சட்டியைத் திறக்காமல் பத்து மணி வரை கவாத்து வேலை செய்தால், வியர்த்து நடுங்கி மயங்கி விழலாம். விரத நாட்களிலும் இதே கதைதான். மலைச்சரிவில் மயங்கினால் விழுகிற இடம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். மடியில் எப்போதும் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருங்கள். தலை சுற்றினால் மூன்று தேக்கரண்டி, கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடியும். விரதம் இருக்கப் போவதென்றால் மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லி மாத்திரை அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைச் சர்க்கரைக்காரர் தின்னலாமா? ஒரு சிறு கைப்பிடி, சாப்பாட்டோடு சேர்க்காமல், தின்னலாம். சாறாகப் பிழிந்து குடிக்காதீர்கள். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் நல்லவை, ஆனால் அளவில்லாமல் சாப்பிட்டால் அவையும் சர்க்கரையை ஏற்றும். சிறுகுறிஞ்சானையும் பாகற்காயையும் நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் கடைசியில் என்னிடம்தான் வருகிறார்கள்.

இதெல்லாம் செய்தால் பலன் உண்டா? உண்டு. பிரிட்டனில் 1977-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட 5,102 பேரைச் சேர்த்து வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து, 1998-இல் முடிவு சொன்னார்கள். மூன்று மாதச் சராசரி என்கிறோமே, அந்த எச்பிஏ1சி, ஒரு குழுவுக்கு 7.9, கண்டிப்பாகக் கட்டுப்படுத்திய குழுவுக்கு 7.0. வித்தியாசம் ஒரு புள்ளி கூட இல்லை. அதற்கே கண், சிறுநீரகம் போன்ற சிறு குழாய்ச் சேதம் நூற்றுக்கு 25 குறைந்தது. ரத்தக் கொதிப்பை நன்றாகக் கட்டுப்படுத்திய குழுவில் பக்கவாதம் நூற்றுக்கு 44 குறைந்தது. ஆய்வு முடிந்து பத்து வருடம் கழித்து மறுபடி பார்த்தார்கள். இரண்டு குழுவுக்கும் சர்க்கரை அளவு ஒன்றாகிவிட்டிருந்தது. ஆனால் ஆரம்ப வருடங்களில் ஒழுங்காக இருந்தவர்களுக்கு அந்தப் பலன் தொடர்ந்துகொண்டே இருந்தது. சர்க்கரை வந்த முதல் சில வருடங்களை ஒழுங்காக நடத்தியவருக்கு அந்த ஒழுங்கு முதுமையிலும் கைகொடுக்கிறது. தாமதமாகத் தொடங்கியவர்களும் சோர வேண்டாம். எச்பிஏ1சி குறையும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆபத்து குறைகிறது. பெரும்பாலோருக்கு 7-ஐ ஒட்டி இருந்தால் போதும். தனியாக இருக்கும் எழுபத்தைந்து வயதுப் பெரியவருக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டுக்கொடுக்கலாம்.

வழி தெரிந்தும் ஏன் போவதில்லை என்று யோசித்தால், அறியாமை காரணம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. மிக நல்ல திட்டம். ஆனால் மாத்திரை வீட்டுக்கு வந்தால் போதும், மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை என்று சிலர் நினைத்துவிட்டார்கள். விழித்திரையும் பாதமும் சிறுநீரும் மாத்திரை அட்டையில் தெரியாது. அடுத்தது கூலி. ஒரு நாள் கண் பரிசோதனை என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. மருந்து விட்ட கண்ணோடு அன்று வேலை செய்யவும் முடியாது. மூன்றாவது, நம் வீட்டுப் பெண்கள். வீட்டுக்காரரின் காலுக்கு மருந்து போட்டுக் கட்டுகிற அம்மாவுக்கும் சர்க்கரை இருக்கும். "மகனுக்கு லீவு கிடைக்கட்டும்", "பேத்தி சடங்கு முடியட்டும்" என்று அவர் தள்ளிப்போடுவார். வலித்தால் யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள். வலிக்காத நோய்க்கு வீட்டில் முறை வருவதே இல்லை.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன். தேதியை மருத்துவமனையிடம் விடாமல் நம் ஊர் நாட்காட்டியிலேயே கட்டிப்போடுவோம். ஜனவரி 15, பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் பிறந்த நாள். இங்கே பலருக்கு அன்று வேலை கிடையாது. அந்த வாரத்தில் கண். வீரபாண்டித் திருவிழாவுக்கு முன் கால். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் ஜூனில் சிறுநீர்ப் பரிசோதனையும் எச்பிஏ1சியும். சர்க்கரைக்குத் தோதான மாதம் என்று ஒன்று கிடையாது. ஆனால் நமக்கு மறக்காத மாதங்கள் இவை. தோட்ட முதலாளிகளும் ஜீப் வைத்திருப்பவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். வருடத்தில் ஒரு நாள், சர்க்கரை உள்ள வேலையாட்களை எஸ்டேட்டுக்குப் பதில் கண் மையத்தில் இறக்கிவிட்டு அன்றைய கூலியைக் கொடுங்கள். திருவிழாக் கமிட்டியார், முடி எடுக்கிற பந்தலுக்குப் பக்கத்தில் பாதம் பார்க்கிற பந்தல் ஒன்று போடச் சுகாதாரத் துறையைக் கேளுங்கள்.

மற்றவர்களிடம் நான் கேட்பது அடுத்த தடவை மருத்துவர் முன்னால் உட்காரும்போது மூன்று கேள்வி கேளுங்கள் என்பதுதான். என் விழித்திரையைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? என் சிறுநீரில் அல்புமின் எவ்வளவு? என் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா? பதில் தெரியாது என்றால் கோபிக்காதீர்கள். இன்றைக்கே எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் தேதியோடு பதில் வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள்.